கிழக்கே பார்க்கும் கொல்லை

மாரண்டஹள்ளிக்கு அந்தாண்ட ஒரு பெண்பிள்ளை, ஆற்றோடு போன புருஷனை இரண்டு ஏக்கராவில் நட்டு வைத்திருக்கிறாள். நட்ட இடமெல்லாம் அவன் தலை முளைத்து நிற்கிறது. தினமும் காலையில் போய் ஒவ்வொரு தலைக்கும் முகம் துடைத்து விடுகிறாள். தலைகள் எல்லாம் ஒரே வீட்டைப் பார்க்கின்றன.

1973 ஐப்பசியில், பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், எனக்கு இந்தச் செய்தி ஒரு டீயோடு சேர்ந்து கிடைத்தது.

"யாரு வூட்டங்க பாக்குது?" என்று டீ ஆற்றுகிறவர் கேட்டார்.

"அவன் அண்ணன் வூட்டத்தான். பின்ன உன் வூட்டயா பாக்கும்?" என்றார் செய்தியைக் கொண்டுவந்த கத்திரிக்காய் வியாபாரி.

நான் அப்போது தருமபுரியில் ஒரு வாரப் பத்திரிகைக்கு நையாண்டி எழுதிக்கொண்டிருந்தேன். வதந்தியைச் சரிபார்ப்பது எங்கள் தொழிலுக்கு ஆகாது. சரிபார்த்த வதந்தி உரித்த வெங்காயம் போல, கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் மறுநாள் மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறினேன். அந்த வியாபாரி சிரிக்காமல் சொன்னார், அதுதான் காரணமாக இருக்கும்.

இறங்கி நடந்தேன். எங்கள் மாவட்டத்தில் கொல்லை நடுவே முதலில் வீடு கட்டியவன் பெயரை வைத்து 'கொட்டாய்' என்று சிற்றூர்களைச் சொல்லுவார்கள். நான் தேடிப் போனது சவரிக் கொட்டாய். சவரிமுத்து என்ற கிறிஸ்தவக் குடியானவர் எப்போதோ கட்டிய ஒற்றை வீடு, இருபது முப்பது வீடாகி, நடுவில் ஓட்டுக்கூரை போட்ட மாதா கோயிலும் வந்துவிட்டது. வழியில் கேட்டவர்கள் யாரும் வழியைச் சொல்லவில்லை, கதையைத்தான் சொன்னார்கள். தலைகள் கண் சிமிட்டுவதாக ஒருவர். ஒரு தலை இருமியதாக இன்னொருவர். கொட்டாய் நெருங்க நெருங்கக் கதை சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியாகக் கேட்ட கிழவர் கையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாதை கிழக்கேயிருந்து வந்து, மேற்கே வாசல் வைத்த ஒரு பெரிய வீட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சுற்றித் திரும்பியதும் பார்த்தேன்.

ஆள் உயரத்துக்கு, வரிசை வரிசையாக, மஞ்சள் முகங்கள். ஒன்று தவறாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டேன். அது சூரியகாந்தி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத் தோட்டத்தில் ஒன்றிரண்டு பார்த்ததுதான். ஒன்றைப் பார்க்கும்போது அது பூ. இரண்டு ஏக்கராவில் பார்க்கும்போது அது கூட்டம். அதுவும் பேச்சை நிறுத்திவிட்டு, வந்தவன் யார் என்று பார்க்கிற கூட்டம்.

அப்போது மதியம் தாண்டியிருந்தது. சூரியன் கொல்லைக்குப் பின்னால், மேற்கே, இறங்கிக்கொண்டிருந்தது. சூரியனைப் பார்த்துத் திரும்பும் பூ என்றுதானே பெயர்? இவை சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே, அந்த வீட்டு வாசலையே, பார்த்தன.

வீட்டுச் சன்னலில் சாக்குப் பை தொங்கியது. வாசலில் ஒரு பெரிய ஆள், கொல்லைக்கு முதுகைக் காட்டியபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தன் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அண்ணன், பெரியநாயகம்.

"பேப்பர்காரருங்களா? வேடிக்க பாக்க வந்தீங்களாக்கும்" என்றார், திரும்பாமலே.

"ஏங்க சுவத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கீங்க?"

"எஞ்சுவரு. நான் பாக்கறன்."

"தம்பி செத்துட்டதா..."

"சாவுல." இப்போது திரும்பினார், கொல்லை கண்ணில் பட்டதும் மறுபடி சுவருக்கே போய்விட்டார். "எந்தம்பி சாவுலீங்க. பொணத்த யாராச்சும் கண்டாங்களா? காணாத பொணத்துக்கு அழுதாப் பாவம். வருவான். வர்ற வரைக்கும் அவன் கொல்லயப் பாத்துக்கறது எம்பொறுப்பு."

விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் பெரிய புண்ணியங்கள் என்று ஞானோபதேசத்தில் சொல்லித் தருகிறார்கள். பெரியநாயகத்திடம் நம்பிக்கை இரண்டு ஏக்கரா அளவுக்கு இருந்தது.

விஷயம் இதுதான். தம்பி மதலைமுத்துவுக்குக் கொல்லையில் கால் தரிக்காது. கேழ்வரகு விதைத்த கையோடு ஒகேனக்கல் போய்விடுவான். பரிசல் தள்ளுவான், மீன் பிடிப்பான், அறுப்புக்குத் திரும்புவான். 1963-இல் அவனுக்கு வாழ்க்கைப்பட்ட ராயம்மாள்தான் உழவு, களை, காவல் எல்லாம். பிள்ளை இல்லை. 1971 ஆடி வெள்ளத்தில் போனவன் திரும்பவில்லை. ஆறு கொடுத்தது அவனுடைய வேட்டியை மட்டும். அதுவும் பாறையின் மேல் காயப்போட்டபடி கிடந்ததாம். முழுகிப் போகிறவன் வேட்டியைக் காயப்போட்டுவிட்டா முழுகுவான் என்று ஒரு கட்சி. குளிக்க இறங்கியவனைத்தான் ஆறு இழுத்தது என்று இன்னொரு கட்சி. கொள்ளேகால் சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தான், கூப்பிட்டதும் கன்னடத்தில் சிரித்தான் என்று ஒரு பஸ் கண்டக்டர் சத்தியம் செய்தார்.

உடல் இல்லாததால் அடக்கப் பூசை இல்லை. கல்லறை இல்லை. ராயம்மாளுக்கு விதவைப் பட்டமும் முறையாகக் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு தத்தம் மனிதர்களிடம் போகும்போது, போவதற்கு இடம் இல்லாமல் அவள் கொல்லையில் நிற்பாள். நிற்பதற்கு அந்தக் கொல்லையாவது மிஞ்சுமா என்பதுதான் அவள் கேள்வி. கணவனின் அண்ணன் அந்தக் கொல்லையைத் தன்னிடம் விடச் சொல்லிக் கேட்டுவிட்டார்.

பங்குச் சாமியார் நடுவில் வந்தார். "பெரியநாயகம், உன் நம்பிக்கை மெச்சத்தக்கது. ஆனால் அது ஏன் அந்தக் கொல்லையைச் சுற்றியே நிற்கிறது?" என்று கேட்டுவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். ராயம்மாள் அந்த இரண்டு ஏக்கராவைப் பயிர் வைக்கட்டும். மகசூல் எடுத்துக் காட்டினால் கொல்லை அவளிடம் இருக்கட்டும். பதராகப் போனால் அவள் தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும், அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும்.

அது கேழ்வரகே முறைத்துக்கொண்டு வருகிற மேட்டு நிலம். அங்கே எதை வைப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் விவசாயம் சொல்லித்தர அரசாங்கம் அனுப்பிய கிராம சேவக், மாது என்பவர், சைக்கிளில் ஒரு மூட்டையோடு வந்தார். எண்ணெய் வித்து, புதுசு, மழை கொஞ்சமாக இருந்தாலும் வரும், ருசியா தேசத்து விதை என்றார். ருசியா என்றதும் சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். ருசியா மனந்திரும்ப வேண்டுமென்று அந்த ஊரே தினமும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் மூட்டையின்மேல் கொஞ்சம் தீர்த்தம் தெளித்து அனுமதித்தார்.

முதல் வருஷம் முளைப்பிலேயே சோதனை. பக்கத்துக் கொல்லைக்காரி பாஞ்சாலி, ஆளுக்கு ஆள் மாற்றிக் களையெடுக்கிற முறையில் உதவிக்கு வந்தவள், ஒரு சால், அதாவது ஒரு வரிசை முழுக்கச் சூரியகாந்தியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மருளூமத்தையை அழகாக விட்டு வைத்துவிட்டாள். மருளூமத்தை என்பது துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்ச் செடி.

பாஞ்சாலி அதை என்னிடமே சொன்னாள், வெட்கப்படாமல். "எனக்கின்னாங்க தெரியும்? ரெண்டும் சொரசொரன்னு, ஒரே தாய்க்குப் பொறந்த மாதிரி இருந்துச்சு. தாய் சொல்லிக் குடுத்தாளா, இது மூத்தது இது எளசுன்னு?"

அவள் சொன்னதில் தப்பில்லை. படித்தவர்களைப் பின்னால் விசாரித்தேன். இரண்டும் சாமந்தியின் குடும்பமாம். ராயம்மாள் மட்டும் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பிரித்திருக்கிறாள். காம்பில் சிவப்பு ஓடி, தண்டில் புள்ளி விழுந்திருந்தால் களை. காம்பு பச்சையாக, தண்டில் வெள்ளை முடி நிமிர்ந்து நின்றால் பயிர். அதற்குப் பிறகு பாஞ்சாலிக்கும் தப்பவில்லை.

பயிர் வளர்ந்தது, பூத்தது. பூவில் தேனீ மொய்த்தது. ஊரில் அந்த அளவுக்குத் தேனீயை யாரும் பார்த்ததில்லை. பயிரைத் தின்ன வந்த பூச்சி என்று பயந்து, விதையோடு இலவசமாகக் கொடுத்திருந்த வெள்ளைப் பூச்சிமருந்துப் பவுடரை ராயம்மாள் விடியற்காலையில் கொல்லை முழுக்கத் தூவிவிட்டாள். சாயங்காலம் வரப்பெல்லாம் தேனீ உதிர்ந்து கிடந்தது. பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டு தட்டாக நின்றது, முற்றியது, காய்ந்தது. அடித்துப் பார்த்தால் விதை விதையாக வந்தது. நகத்தால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே ஒன்றுமில்லை.

பெரியநாயகம் ஒரு கை அள்ளி, சாமியார் எதிரில் ஊதிக் காட்டினார். எல்லாம் பறந்தது.

ராயம்மாள் அழவில்லையாம். "தேனீயக் கொன்னது நானு. அதுக்குத் தண்டன குடுத்துட்டீங்க. இன்னும் ஒரே ஒரு வெள்ளாம குடுங்க சாமி" என்றாளாம். சாமியார் கொடுத்தார். அந்த இரண்டாவது வெள்ளாமையைத்தான் நான் பார்க்கப் போயிருந்தேன்.

அன்று பாஞ்சாலி வீட்டில் தங்கி, மறுநாள் வெயில் ஏறியதும் கொல்லைக்குள் போனேன். பனி உலர்ந்திருந்தது. ராயம்மாள் மெலிந்து உயர்ந்த பெண், முக்காடு போட்டிருந்தாள். வலது கையில் ஒரு பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. அது வெள்ளையாக இருந்திருக்க வேண்டும், இப்போது மஞ்சள். இடது கையால் பூவின் பின்னந்தலையைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் முகத்தை மெதுவாக, வட்டமாக, தடவிவிட்டாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. ஒரு முகத்தில் ஒட்டிய மஞ்சள் பொடி அடுத்த முகத்துக்குப் போயிற்று. தேனீ செய்கிற வேலை. இப்படித் தேய்த்துவிட்டால் மணி பிடிக்கும், மெத்தென்ற துணியாகப் பார்த்துக் கட்டிக்கொள் என்று மாது சொல்லிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் இருந்ததிலேயே மெத்தென்ற துணி எது என்று அவர் கேட்கவில்லை.

வதந்தியில் பாதி அங்கேயே தீர்ந்துவிட்டது. சூரியன் பற்றிய சந்தேகத்தையும் மாது பின்னால் தீர்த்தார்: மொக்காக இருக்கும்போதுதான் இந்தச் செடி தலையைத் திருப்பும், பூத்த பிறகு கழுத்து இறுகிக் கிழக்கேயே நின்றுவிடும். நான் திருப்தியாகப் பையைத் தூக்கியிருக்கலாம்.

ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

ஜெபம் என்று நினைத்தேன். பக்கத்துச் சாலில் நின்று கேட்டேன். "...கறவ வத்திப் போச்சு" என்றாள் ஒரு பூவிடம். அடுத்த பூவுக்கு நகர்ந்து, "உங்கண்ணன் கெழக்கு வரப்ப வெட்டி ஒரு சாண் உள்ள வந்துட்டாரு" என்றாள். அதற்கடுத்த பூவிடம், "கேட்டா, மழயில கரஞ்சுதுங்கறாரு." வீட்டுச் செய்தியை ஒரு பூவில் ஆரம்பித்து இன்னொரு பூவில் முடித்துக்கொண்டே போனாள்.

"யாருகிட்டங்க பேசறீங்க?"

கை நிற்கவில்லை. "பேசாம தேச்சா கை அழுத்திடுதுங்க. பூ ஒடையுது. பேசிக்கினே போனா மெதுவாப் போவுது."

"அதுக்கு ஊட்டு சமாச்சாரந்தான் பேசணுமா?"

"வேற இன்னா சமாச்சாரம் இருக்குது எங்கிட்ட?"

"ஒவ்வொண்ணுகிட்டயும் வேற வேற சொல்றீங்களே."

"ஒண்ணுகிட்டயே சொன்னா அலுத்துக்குவாருல்ல" என்றாள். பிறகு, தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது போல, கை ஒரு கணம் நின்றது. மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

அந்தச் சாலிலிருந்து வெளியே வர நான் கொல்லையின் குறுக்கே நடக்க வேண்டியிருந்தது. ஏன் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நடந்தேன் என்பதை மாதுவிடம் கேட்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு மறுபடி போனேன். அதற்குள் ஒரு காரியம் நடந்திருந்தது. பாஞ்சாலி வரப்பிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களத்தான் எதிர்பாத்தன். நடந்தது தெரியுமா? பெரியநாயகத்தாரு அருவா எடுத்துக்கினு கொல்லக்குள்ள போனாரு. பட்டப்பகல்ல. ராயம்மாக்கா சந்தைக்கு போயிருந்த நேரம் பாத்து."

"பயிர வெட்டவா?"

"பின்ன, கும்புட்டுப் போவவா? மொதல்ல இந்தாண்ட, வூட்டுப் பக்கமா எறங்குனாரு. நாலு அடி வெச்சாரு, நின்னுட்டாரு. எல்லாம் மூஞ்சிக்கு நேரா நிக்குதே! நான் புளியமரத்தடியில மாடு புடிச்சிக்கினு பாக்கறன். திரும்பி வந்துட்டாரு. சரி, மனசு மாறிட்டாருன்னு நெனச்சா, சுத்திக்கினு அந்தாண்ட போறாரு. பின்னால இருந்து வந்தா மூஞ்சி தெரியாதில்ல? ஆம்பளைக்கு மூளையப் பாருங்க."

"வெட்டுனாரா?"

"ஒண்ணு. ஒரே ஒண்ணு. பின்னாலருந்து கழுத்தப் புடிச்சி இழுத்து அறுத்தாரு. அது வுழுந்துச்சு. எப்பிடி வுழுந்துச்சுன்னு நெனைக்கறீங்க? மல்லாந்து. அவரு மூஞ்சியப் பாத்துக்கினு." பாஞ்சாலி அடக்க முடியாமல் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. "அருவாவ அங்கயே போட்டுட்டு ஓடுனாருங்க. ஓடறப்ப ஒரு சத்தம் போட்டாரு பாருங்க. சின்ன வயசுல தம்பியக் கூப்புடற மாதிரி, 'டேய் மதலே'ன்னு. எம்மாடே வெலவெலத்துப் போச்சு."

அன்று மாலையே பெரியநாயகம் பங்குச் சாமியாரிடம் போயிருக்கிறார். தம்பிக்கு இறந்தோர் பூசை வைக்க வேண்டும் என்றார். சாமியார் மீசைக்குள் சிரித்துக்கொண்டே கேட்டதாகச் சொல்லுகிறார்கள்.

"உன் தம்பி சாகவில்லை என்றாயே?"

"செத்துட்டான் சாமி. நல்லாச் செத்துட்டான்."

"செத்தவன் கொல்லைக்கு அண்ணன் காவல் வேண்டியதில்லை. யோசித்துக்கொள்."

"அவளே வெச்சிக்கட்டும் சாமி. மகசூலு வந்தாலும் வரலன்னாலும். அந்தத் தலையெல்லாம் ஒரு தரம் குனிஞ்சாப் போதும்."

கொல்லை கிடைத்துவிட்டது. நான் வாழ்த்துச் சொல்லத்தான் ராயம்மாளிடம் போனேன். தண்ணீர் தேங்கும் தாழ்ந்த மூலையில் செடிகள் தாமதமாகப் பூத்திருந்தன, அங்கே தேய்த்துக்கொண்டிருந்தாள். மற்றவை எல்லாம் வதங்கி இதழ் உதிர்க்கத் தொடங்கியிருந்தன.

"சந்தோசந்தானுங்களே?" என்றேன்.

"அவரு செத்துட்டாருன்னா கொல்ல எனக்கு. உசுரோட இருந்தா அவரு எனக்கு. ரெண்டுல ஒண்ணுதான்னா, நான் எதுக்குன்னு வேண்டிக்கறதுங்க?" என்றாள். "இன்னிக்குப் பூசைக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் போயி உக்காந்தா, ஆமான்னு சொன்ன மாதிரி. போவலன்னா, இந்தச் செடிங்களுக்கு நாளைக்கு யாரு?"

பேச்சு வேலைக்கு என்று அன்று சொன்னவள், இன்று பேசாமல் தேய்த்தாள். கை அழுத்தியது. ஒரு பூ உடைந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துணியை அவிழ்த்துக் கொசுவத்தில் செருகிக்கொண்டு, கோயிலுக்குப் புறப்பட்டாள்.

உடல் இல்லாத பூசைக்கு எங்கள் பக்கத்துக் கோயில்களில் வெறும் தூம்பா வைப்பார்கள். தூம்பா என்பது சவப்பெட்டி. கறுப்புத் துணி போர்த்தி, நான்கு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றி, உள்ளே யாரும் இல்லாமல் ஊரே முழந்தாள் படியிட்டுப் பாடும். வெறும் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது, ஆள் கிடக்கும் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பதைவிடக் கஷ்டம். உள்ளே இருப்பவர் அசையமாட்டார் என்ற நிச்சயம் அங்கே உண்டு, இங்கே இல்லை.

ராயம்மாள் முன்வரிசையில் பெட்டியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பெரியநாயகம்தான் அழுதார். அந்த அழுகையில் நடிப்பு எவ்வளவு என்று அளந்து எழுதவே நான் போயிருந்தேன், அளக்க முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் சின்னக் குழி வெட்டியிருந்தார்கள். அவனுடையது ஏதாவது ஒன்றை வைத்து மூட வேண்டும் என்றார் சாமியார். எல்லோரும் ராயம்மாளின் இடுப்பைப் பார்த்தார்கள். அவனுடைய வேட்டி அங்கேதான் இருந்தது.

"இது குடுக்க முடியாதுங்க சாமி. அந்த மூல இன்னும் முடியல" என்றாள்.

"வேறு என்ன இருக்கிறது?"

அவள் முக்காட்டுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள். அறுபட்ட அந்தப் பூ. வாடிச் சுருங்கி, உள்ளங்கை அளவாகியிருந்தது. அதைப் பெரியநாயகத்திடம் நீட்டினாள்.

"நீங்க அறுத்தது. நீங்களே வைங்க மாமா."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். முகத்தைத் தரையைப் பார்க்கும்படித் திருப்பிக் குழிக்குள் வைத்தார். மண் தள்ளும் வரைக்கும் குனிந்தே நின்றார்.

அந்த வாரத்திலேயே கொல்லையில் தலைகள் குனியத் தொடங்கின. மணி பிடித்துப் பாரமானால் குனியும் என்றார் மாது. பூசை பலித்தது என்றார் பெரியநாயகம், சன்னலில் இருந்த சாக்கை எடுத்தார். குனிந்த தலைகளைக் கிளி கொத்தாமல் இருக்க ராயம்மாள் கிழிந்த புடவைத் துண்டுகளைக் கட்டி மூடினாள். அவ்வளவுதான். மறுநாள் காலை அவர் வாசலைத் திறந்தபோது எதிரே இரண்டு ஏக்கராவில், முக்காடு போட்டுத் தலை குனிந்த பெண்கள், துக்கத்துக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். சாக்கு மறுபடி சன்னலுக்குப் போயிற்று.

கார்த்திகையில், பூவின் முதுகு எலுமிச்சை மஞ்சளானதும் அறுத்தாள். காயவைத்துத் தடியால் அடித்தபோது முதல் கை விதையைப் பெரியநாயகம்தான் வாங்கி நகத்தால் அழுத்தினார். நொறுங்கவில்லை. பல்லில் வைத்துக் கடித்தார். உள்ளே வெள்ளைப் பருப்பு, எண்ணெய் மினுக்கோடு இருந்தது. தன் வாயாலேயே, பத்துப் பேர் கேட்க, "கொல்ல உன்னுது ராயம்மா" என்றார். முன்பே சொன்னதுதான், இருந்தாலும் பருப்பு வாயில் இருக்கும்போது சொன்னதால் ஊர் அதைத்தான் கணக்கில் வைத்துக்கொண்டது.

அந்த வருஷம் நான் எழுதிய கட்டுரையில் வதந்தி பொய் என்று எழுதினேன். செடி ருசியாவுடையது, துணி வேட்டி, வேலை தேனீயுடையது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. பத்திரிகையைப் படித்த பாஞ்சாலியின் மகள் சொல்ல, பாஞ்சாலி, "எல்லாம் சரியா எழுதியிருக்காரு. கொல்லக்குள்ள நொழஞ்சவரு ஏன் பின்னாலயே பாத்துக்கினு வந்தாருன்னு மட்டும் எழுதல" என்றாளாம்.

அதற்கு அடுத்த ஆடியில் பெரியநாயகம் ராயம்மாள் வாசலுக்கு வந்தார். ஒரு படி விதை கேட்டார். எண்ணெய் ஆசை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் மாதுவிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டிருந்தார்: வீட்டுக்குக் கிழக்கே விதைத்தால் பூக்கள் கிழக்கே பார்க்கும், வீட்டுக்கு முதுகைக் காட்டும். ஒரு கொல்லை முறைத்தால் இன்னொரு கொல்லையாவது முதுகைக் காட்டட்டும் என்று நினைத்தார்போல.

ராயம்மாள் படி தளும்ப அளந்து கொடுத்தாள். "வெதைக்கு வெத திருப்பிக் குடுத்துடணும் மாமா" என்றாள். ஆகட்டும் என்றார்.

நன்றாக வளர்ந்தது. முதுகைத்தான் காட்டியது. ஆனால் மணி பிடிக்கவில்லை. தேனீ அந்தப் பக்கம் திரும்பிவரப் பல வருஷம் ஆயிற்று. கையால் தேய்க்க வேண்டும். தேய்க்க வேண்டுமென்றால் கிழக்கே போய் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். கூலிக்கு ஆள் கேட்டார். பெரியநாயகத்தார் கொல்லையில் அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. எல்லாம் பதராயிற்று. ராயம்மாளுக்குத் திருப்பிக் கொடுக்க நல்ல விதை இல்லை.

ஒரு படிக்கு இரண்டு படி கேழ்வரகு கொண்டுவந்தார். அவள் வாங்கவில்லை. "வெதைக்கு வெததான் மாமா." காசாகக் கொடுக்கிறேன் என்றார். "காசு மொளைக்குமா மாமா?" சந்தையில் வாங்கித் தருகிறேன் என்றார். "என் வெத உங்க கொல்லயில போட்டது. அங்கருந்துதான் வரணும்." கோபமில்லாமல்தான் சொன்னாள். ஒவ்வொரு ஆடியிலும் அந்தக் கடனைத் தீர்க்க அவரே மாதுவிடம் கொஞ்சம் விதை கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கிழக்கே நாலு வரிசை ஊன்றினார்.

நான் கடைசியாகச் சவரிக் கொட்டாய் போனது 1978 ஐப்பசியில். கிழக்குப் பாதையில் வரும்போது பெரியநாயகத்தைப் பார்த்தேன். நாலு வரிசையும் பூத்திருந்தன. உடம்பு இளைத்திருந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. ஒரு பூவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்ததா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. கை மெதுவாக மேலே போயிற்று. பூவுக்கு ஒரு சாண் இந்தாண்ட நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

அந்த வருஷமும் அங்கே பதர்தான். படி பாக்கி.